பைக்குள் இருந்த கச்சான்

சிப்பிவலசையில் அந்த வருடம் மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் காற்று ஒரு பைக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு உள்ளே போகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே வரும். நடுவில் இருக்கிற நாட்களில் கடலோரக் கொட்டகையின் உத்தரத்தில் இரண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டு, சினை மாட்டின் வயிறு மாதிரி மெல்ல மேலேறிக் கீழிறங்கிக்கொண்டிருக்கும். நீலப் பை. ஓர் ஆளைக் கிடத்தலாம், அவ்வளவு நீளம். பக்கவாட்டில் ஜிப்.

அதை உள்ளே போட்டது கயித்தான். வேண்டுமென்று போடவில்லை.

கயித்தானுக்கு அறுபத்து நாலு வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், இடது தோள் இறங்கிப்போனதும் கரையில் நின்றுவிட்டார். அப்போதுதான் திருப்பூரிலிருந்து தேன்மொழி என்கிற அம்மாள் வந்து, பனையோலை வேய்ந்த கொட்டகை போட்டு, பாய் கட்டிய பலகையில் நின்றுகொண்டு கடலில் போகிற விளையாட்டைத் தொடங்கியிருந்தாள். விண்ட்சர்ஃபிங் என்று போர்டில் எழுதியிருந்தது, ஊர்க்காரர்கள் பாய்ப்பலகை என்றார்கள். பட்டணத்து ஆட்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் கடலில் நின்று, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பாயைக் கம்பில் ஏற்றிக் கொடுப்பதும், சாயங்காலம் அவிழ்த்துச் சுருட்டுவதும் கயித்தானுக்கு வேலை. இன்னொரு வேலையும் உண்டு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கணுக்கால் தண்ணீரில் நின்று, அந்த வாரக் கடைசியில் காற்று எப்படி என்று தேன்மொழியின் போனில் சொல்ல வேண்டும். அது மதுரை, சென்னை, பெங்களூரில் இருக்கிற முந்நூறு பேருக்குப் போகும்.

"சனி. கச்சான். பத்துக்கு எழும்பும். பதினஞ்சு நாட். ஞாயிறு அதே."

இவ்வளவுதான் சொல்வார். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று, நாட் என்றால் காற்றின் வேகக் கணக்கு, அது யாருக்காவது தெரியாவிட்டால் அதுவும் அவர் பாடில்லை.

"முன்னாடி ஒரு வணக்கமுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்த சொல்லலாமுங்களாண்ணா," என்று தேன்மொழி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"காத்து வணக்கம் சொல்லிட்டா வருது," என்றார் கயித்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த மே மாதம் லாரியில் மூன்று மரப்பெட்டிகளில் புதுச் சாமான் வந்து இறங்கியது. பாய்கள் துணியே இல்லை. ஜவுளிக்கடையில் சட்டைக்கு மேல் சுற்றித் தருகிற கண்ணாடித் தாள் மாதிரி இருந்தன, உள்ளே கறுப்பு நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. பலகைகள் குட்டையாக, வயிறு பருத்து இருந்தன. ஒவ்வொரு பலகைக்கும் அடியில் பொருத்த, இடுப்புயரத்துக்கு ஒரு கம்பும் கம்பின் நுனியில் திருக்கை மீன் சிறகு விரித்த மாதிரி ஓர் இறக்கையும் தனியே வந்திருந்தன. ஃபாயில் என்றாள் தேன்மொழி. ஊர் அதைத் திருக்கைப் பலகை என்று கூப்பிட்டது. எட்டு நாட் காற்று போதும், இறக்கை தண்ணீருக்குள் பறக்க, பலகை தண்ணீரை விட்டு இடுப்புயரம் மேலே எழும்பி, சத்தமே இல்லாமல் போகும். முதல் நாள் அது எழும்பியபோது மீன் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தண்ணியத் தொடாம போறவனுக்குக் கடல் எதுக்கு, ரோட்டுல போக வேண்டியதுதான," என்றாள் ஜெசிந்தா. கயித்தானுக்கு அடுத்த வீட்டுக்காரி, கொட்டகைக்குப் பக்கத்தில் மீன் பொரித்து விற்பவள்.

கயித்தானுக்கும் அதே எண்ணம்தான்.

அந்தக் கரையில் பாயைச் சுருட்டுவதற்கு ஒரு முறை உண்டு. காற்றுக்கு முதுகு காட்டி நின்று மூன்று தரம் உதறி, போயிட்டு வா என்று சொல்லிவிட்டுத்தான் சுருட்டுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பதற்கு யார் காரணம் கேட்கிறார்கள். கயித்தான் நாற்பது வருடம் வள்ளத்துப் பாயை அப்படித்தான் சுருட்டினார், கொட்டகையின் பழைய பாய்களையும் அப்படியே சுருட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்பது சதுர மீட்டர் புதுப்பாய் கைக்கு வந்தபோது அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். இதுக்கு ஒரு உதறல் கேடா என்று நினைத்தார். உதறாமல், ஒன்றும் சொல்லாமல் சுருட்டி, பையில் திணித்து, ஜிப்பை இழுத்தார். ஜெசிந்தாவின் அடுப்புப் புகை அதுவரை கடலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து நேராக நின்றது.

காற்று நிற்பது அந்தக் கரைக்குப் புதிதில்லை என்பதால் திங்கட்கிழமை யாரும் அதைப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காக்காய்கள் பறப்பதை விட்டு நடந்தன. புதன்கிழமை மாதா கோயில் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வியாழக்கிழமை எதையோ தேடிக் கொட்டகைக்குள் போன கயித்தான், நீலப் பை உப்பிப் போய், கட்டிய கயிறு விண்ணென்று நிற்க, மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். மறுநாள் தட்டில் ஊற்றிய மாதிரி நின்ற தண்ணீரில் நின்றுகொண்டு போனில் சொன்னார்:

"சனி. கச்சான். பத்து மணி. நான் தொறக்கணும்."

கொட்டகையைத் திறப்பதைத்தான் சொல்கிறார் என்று முந்நூறு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் பையை மணலில் போட்டு ஜிப்பைத் திறந்தபோது காற்று உடனே ஓடிவிடவில்லை. கயிறு அவிழ்த்த நாய் மாதிரி முதலில் மணலை மோந்தது, வலைக்குவியலைச் சுற்றியது, ஜெசிந்தாவின் முந்தானையை இழுத்தது, அப்புறம் தன் பழைய தடத்தைக் கண்டுபிடித்துக் கடல்மேல் போனது. ஊர்த் தலைவர் சந்தியாகு அங்கே நின்றுகொண்டிருந்தார். கயித்தானின் பெண்டாட்டி பவுலினுக்கு அவர் உடன்பிறந்த தம்பி.

"அடச்சு வச்சிருக்க போல மச்சான்."

"தெரியாம நடந்தது."

"நாளைக்குச் சாயங்காலம் நல்லா உதறி விட்ரு."

மறுநாள் சாயங்காலம் கயித்தான் ஒவ்வொரு பாயையும் முப்பது தரம் உதறினார், தொண்டை வறளப் போயிட்டு வா என்றார். காற்று கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆறு மணிக்கு, அடைகிற கோழி மாதிரி தானே வந்து பை வாய் வழியாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. கயித்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜிப்பை மூடினார்.

திங்கட்கிழமையே திறந்து விட்டிருக்கலாம். திறக்கவில்லை. ஏனென்றால் ஆறு நாள் படுத்துக் கிடந்த காற்று எழும்பும்போது அதற்கு ஆறு நாள் பலம் இருந்தது. இருபது நாட், பத்து மணியிலிருந்து மாலை வரை, கூடாமல் குறையாமல், தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி. உலகத்தில் எந்தக் கடற்கரையிலும் வாரக் கடைசிக்கு இப்படிக் காற்று எழுதிக் கொடுத்த மாதிரி வருவதில்லை என்று பெங்களூர்க்காரன் ஒருவன் சொன்னான். முந்நூறு பேர் ஆயிரம் பேரானார்கள். ஊர்க்கூட்டம் கூடி, சனிக்கிழமை பத்து மணிக்கு முன்னால் யாரும் பையைத் தொடக்கூடாது, சாவி மாதிரி அது கயித்தான் பொறுப்பு என்று முடிவு செய்தது. எல்லோரும் கயித்தானைப் பார்த்தார்கள்.

"சரி," என்றார் கயித்தான்.

அதற்கப்புறம் ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது, பெரிதாக ஒன்றும் கஷ்டப்படவில்லை. ஆறு நாள் அழுக்குத் துணியும் சனிக்கிழமை துவைத்துக் காயப்போடப்பட்டது, கடலிலிருந்து பார்த்தால் ஊரே பாய் விரித்துக் கிளம்பப்போகிற மாதிரி இருந்தது. உப்புக் கண்டம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது, கல்யாணங்கள் மெழுகுவர்த்தி அணையாத, பந்தல் ஆடாத புதன்கிழமைக்கு வந்தன. பனைமரங்களில் வாரம் முழுக்கக் காய்ந்த மட்டைகள் சனிக்கிழமை பத்து மணிக்கு மொத்தமாக விழுந்ததால் பத்து மணிக்கு யாரும் பனைக்கடியில் போவதில்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. காற்றில்லாத நாட்களில் ஒரு வீட்டில் பேசியது நாலாவது வீட்டில் கேட்டதால் புருஷன் பெண்டாட்டி சண்டைகள் வாயோடு அடக்கப்பட்டுச் சனிக்கிழமை போடப்பட்டன, பாதி சண்டை அதற்குள் மறந்தும் போனது. பங்குச் சாமியார் பூசையில், பயணத்தில் இருப்போருக்காகவும் நோயாளிகளுக்காகவும் மன்றாடிய கையோடு, பைக்குள் இருக்கும் காற்றுக்காகவும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார், சனங்கள் ஆமென் என்றார்கள். வாசல்தோறும் தங்குமிடம் என்று அட்டை தொங்கியது. ஜெசிந்தா ஒரு சட்டியில் பொரித்தவள் நாலு சட்டியில் பொரித்தாள், திருக்கைப் பலகைகளைப் பற்றி அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை.

கடல் மட்டும் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை எண்ணெய் மாதிரி படியும், செவ்வாய்க்கிழமை அடிப்பாசி மேலே வரும், புதன்கிழமை பச்சையாகும், வியாழக்கிழமை நாறும். நண்டுகள் கரையேறி, கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. கரைப்பக்கம் மேய்கிற மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. சனிக்கிழமை திறந்ததும் காற்று அந்தப் பச்சையையும் நாற்றத்தையும் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் பட்டணத்து ஆட்கள் நீலத்தை மட்டும் பார்த்தார்கள்.

பையைக் கிழித்துவிட்டால் போதுமே என்று யாருக்கும் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. எல்லோருக்கும் தோன்றியது. யாரும் சொல்லவில்லை.

கயித்தானும் சொல்லவில்லை. அதற்கு அவரிடம் வேறு காரணம் இருந்தது: வெளியே விட்ட காற்று எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, பைக்குள் இருப்பது எப்போதும் கைக்கெட்டும். பவுலினுக்கு இருபது வருடமாக இழுப்பு. காற்று அடிக்கிற நாளில் ஜன்னலோரம் படுத்து எப்படியோ சமாளித்துவிடுவாள், காற்று நின்றால் நெஞ்சுக்குள் ஊசி விசில் ஊதும். முதல் வாரம் நாலு நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். ராமநாதபுரத்து டாக்டர் வாயில் அடிக்கிற மருந்து எழுதிக் கொடுத்து, நல்லாக் காத்தோட்டமா இருங்கம்மா என்றார். பவுலின் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, அங்கேயே அரைமணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று.

இரண்டாவது வாரத்திலிருந்து கயித்தான் தினம் ஐந்து மணிக்கு ஒரு காலிப் பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். சின்னப் பாயின் பை அது. பெரிய பையின் வாயோடு இதன் வாயை வைத்து, ஜிப்பைக் கொஞ்சம் இழுத்து, கேனிலிருந்து எண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஒரு பங்கு வாங்கிக்கொண்டு மூடுவார். அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவழியே வருவார். பை அக்குளில் திமிறும். ஊர் விதியை மீறியது ஊர்ப் பொறுப்பாளிதான், ஊர் மேற்கே கிழக்கே பார்த்துக்கொண்டது.

"மாமா, பையில என்னா, கோழியா?" என்பாள் ஜெசிந்தா.

"ஆமா."

"கொழம்பு வச்சா ஒரு கிண்ணம் குடுத்து விடுங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் பையை வைத்து நாலு விரல் அளவுக்கு ஜிப்பைத் திறப்பார். காற்று பவுலின் முகத்தில் படும். நெஞ்சின் விசில் இறங்கிக்கொண்டே வந்து அடங்கும். எப்போதாவது பவுலின்தான் ஏதாவது சொல்வாள்.

"இது போன ஞாயித்துக்கெழமக் காத்துங்க. எவனோ சென்ட்டு போட்டுட்டு வந்திருக்கான், வாட அடிக்குது."

"ம்."

"மேக்கால மழை பெஞ்சிருக்கு. மண்ணு மணக்குது."

"ம்."

ஒரு மணி நேரத்தில் பை தளர்ந்து தரையில் படிந்துவிடும். அவர் மடித்து எடுத்து வைப்பார். இப்படி வாரத்துக்கு ஐந்து பங்கு போனதில் சனிக்கிழமைக் காற்று இருபதிலிருந்து பதினாறானது, பன்னிரண்டானது. தேன்மொழி கவனிக்காமல் இல்லை. ஆனால் திருக்கைப் பலகைக்கு எட்டு போதும் என்பதால், வந்தவர்கள் பழைய பலகையை விட்டு அதில் ஏறிக்கொண்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை. கயித்தானுக்குப் பிடிக்காத அந்தப் பலகைகளால்தான் பவுலின் அந்த நாலு மாதமும் மூச்சு விட்டாள். இது கயித்தானுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் அந்த இறக்கைகளை யாரும் சொல்லாமலே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தார்.

செப்டம்பர் முடிகிற நேரத்தில் பந்தயம் வந்தது. நாலு மாநிலத்திலிருந்து அறுபது பேர். திருக்கைப் பலகை மட்டுமில்லை, பழைய பலகைப் பந்தயமும் உண்டு, அதற்கு முழு இருபது வேண்டும். தேன்மொழி சந்தியாகுவிடம் சொன்னாள், சந்தியாகு ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்கு முன்னால் மச்சான் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"மச்சான், ஒரு உதவி. இந்த ஒரு வாரம் பையத் தொடாத."

கயித்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊரே இதுல இருக்கு. அறுவது பேருக்கும் வீடு ஒதுக்கியாச்சு. அக்காவுக்குத்தான் மருந்து இருக்குல்ல. அஞ்சே நாளு. என்ன மச்சான், நான் என்ன அக்காவுக்கு வேத்தாளா?"

முடியாது என்றால் ஏன் என்று கேட்பான், ஏன் என்பதற்குப் பேச வேண்டியிருக்கும். நாலு மாதமாகத் திருட்டுத்தனமாக எடுத்ததைப் பற்றி, அவள் நெஞ்சுச் சத்தத்தைப் பற்றி, நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட வெளியே சொல்லாததை எல்லாம் இந்த வாசலில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். சரி என்றால் பேச்சு முடிந்துவிடும்.

"சரி," என்றார் கயித்தான்.

உள்ளே கட்டிலில் இருந்த பவுலினுக்கு அது கேட்டது. 

திங்கட்கிழமை அவள் படுத்தாள். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தாள். புதன்கிழமை காலையில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள், வாயில் அடித்த மருந்து வாயோடு நின்றது. கடல் அழுகின நாற்றம் வீட்டுக்குள் நின்றது. பன்னிரண்டு மணிக்கு அவள் உதடு கறுத்துக்கொண்டு வந்ததைக் கயித்தான் பார்த்தார். எழுந்து செருப்புப் போடாமல் நடந்தார்.

கொட்டகையில் சந்தியாகு பந்தயத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். தேன்மொழி பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கயித்தான் உத்தரத்துக் கயிற்றை அறுத்துப் பெரிய பையை வலது தோளில் வாங்கினார்.

"மச்சான். சரின்னியே."

"சொன்னேன்."

"வேணும்னா ஒரு பங்கு எடுத்துக்க. முழுசும் எதுக்கு?"

"அளக்க நேரமில்ல."

"அண்ணா, ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லட்டுங்களா," என்று தேன்மொழி எழுந்து வந்தாள். அவர் அதற்குள் பாதித் தெரு போயிருந்தார். முழு ஊரும் பார்க்க, ஊர்க்காற்று மொத்தத்தையும் ஒற்றைத் தோளில் சுமந்துகொண்டு, இறங்கிய தோள் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனார். யாரும் குறுக்கே வரவில்லை. சந்தியாகு கையில் கொடியோடு நின்றார்.

வீட்டுக்குள் வந்து எல்லா ஜன்னலையும் அடைத்தார், கதவுகளைச் சாத்தினார், கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார். ஜிப்பை நாலு விரலுக்குத் திறந்தார். அப்புறம் முழுக்கத் திறந்தார்.

மூன்று நாள் பலத்தோடு காற்று எழுந்தது. காலண்டர் மாதங்களை எல்லாம் ஒரே நேரத்தில் காட்டியது, பானை மூடிகள் உருண்டன, கொடியில் கிடந்த சேலைகள் கூரையில் போய் ஒட்டிக்கொண்டன, இருதய ஆண்டவர் படம் ஆணியில் சுற்றிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. கயித்தான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பவுலின் வாயைத் திறந்தாள். முதல் மூச்சு உள்ளே போவதை அவர் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். எத்தனை என்று அப்புறம் விட்டுவிட்டார். அந்தியில் உதட்டின் கறுப்பு போயிருந்தது.

காற்று ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத்தான் பைக்குத் திரும்பும் என்பதால் வியாழனும் வெள்ளியும் மூவரும் அந்த ஒற்றை அறையில் இருந்தார்கள். சோறு பொங்க முடியவில்லை, அடுப்பில் தீ நிற்கவில்லை. ஜெசிந்தா கூரையில் ஓடு ஒன்றைக் கொஞ்சம் விலக்கி, ரொட்டிப் பொட்டலத்தைக் கயிறு கட்டி இறக்கிவிட்டு உடனே மூடினாள். காற்றும் சும்மா இருக்கவில்லை. மூலைக்கு மூலை போனது, கதவை முட்டியது, கட்டிலுக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. பவுலின் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அறுபது பேர் கரையில் நின்றார்கள். திருக்கைப் பலகைகள் இறக்கையை வானத்துக்குக் காட்டி மணலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. கடல் பச்சைத் தரை மாதிரி இருந்தது, நாறியது. தேன்மொழியும் சந்தியாகுவும் முன்னால் வர, அறுபது பேரும் பின்னால் வந்து கயித்தான் வீட்டைச் சுற்றி நின்றார்கள். உள்ளே சுவர்கள் புடைத்து அடங்குவது வெளியே தெரிந்தது.

தேன்மொழி கதவோரம் குனிந்து பேசினாள். "அண்ணா, நான் கேக்கறது தப்புத்தானுங்க. எனக்கும் தெரியுமுங்க. இவங்களுக்கு என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இல்லன்னு சொல்லு," என்றார் கயித்தான் உள்ளேயிருந்து.

"அக்கா," என்றார் சந்தியாகு.

பவுலின் எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தரையில் ஊன்றினாள்.

"கதவத் தொறங்க."

"படு."

"மூணு நாளா பாக்குறேன். அதுவும் என்ன மாதிரியே மூச்சு முட்டிக்கிட்டுக் கெடக்கு. தொறந்து விடுங்க."

"கச்சான் முடியிற நேரம். இத விட்டா இனிமே வாடைதான். எப்ப வரும்னு தெரியாது." கயித்தான் ஒரே தடவையில் இவ்வளவு பேசியது அவருக்கே புதிதாக இருந்தது. "பத்து நாளும் ஆவும். ஒரு மாசமும் ஆவும். உனக்கு?"

"வேணும்னா நான் வெளியில போய் நிக்கிறேன். காத்த வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுதான் தப்பாப் போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பையையும் கிழிங்க. கிழிச்சிட்டுத் தொறங்க. இல்லன்னா நாளைக்கு அது பாட்டுக்கு அதுல போய்ப் படுத்துக்கும், நீங்க பாட்டுக்கு ஜிப்ப மூடுவீங்க."

கயித்தான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடமாகப் பார்த்த முகம். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. சூரிக்கத்தியை எடுத்தார், பையின் அடியில் குத்தி, வாய் வரைக்கும் நீளமாக இழுத்தார். மீன் வயிற்றைக் கீறுகிற மாதிரிதான், கை பழகினது. அப்புறம் கடலைப் பார்த்த கதவுக்குப் போய்ச் சாக்கை உருவினார், தாழ்ப்பாளைத் தூக்கினார்.

காற்று வெளியே போனது. அறுபது பேரின் தொப்பிகளும் துண்டுகளும் போயின, பந்தயக் கொடி கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போனது, கவிழ்ந்து கிடந்த பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டன. யாராவது ஓடிப்போய்ப் பாயைத் தூக்கியிருந்தால் கொஞ்சமாவது பிடித்திருக்கலாம். யாரும் அசையவில்லை. அது கரையில் நிற்கவில்லை, கடல்மேல் நிற்கவில்லை, பாசியைக் கிழித்துக்கொண்டு ஒரே கோடாக வடகிழக்கே போய், கண்ணுக்கு மறைந்தது. அது போன தடம் நீலமாகக் கொஞ்ச நேரம் தெரிந்து மூடிக்கொண்டது.

தேன்மொழி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அறுபது பேரும் பாய்களை அவிழ்த்துச் சுருட்டி வண்டியில் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கொட்டகையில் ஊர் கூடியது. கிழிந்த பை தரையில் கிடந்தது. ஆறு மணி ஆனது, ஆறே கால் ஆனது. ஒன்றும் வரவில்லை. சந்தியாகுதான் முதலில் எழுந்து போனார். வாசல்களில் தொங்கிய அட்டைகளைச் சனங்கள் ஒவ்வொருவராகக் கழற்றி உள்ளே வைத்தார்கள். யாரும் கயித்தானை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பவுலினுக்கு மறுபடி விசில் தொடங்கியது. கயித்தான் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய் அலையோரம் போட்டார், அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்து உட்கார வைத்தார். வாடை வந்தால் வடகிழக்கே கடலிலிருந்துதான் வரும், வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இங்கே வரும். செவ்வாய்க்கிழமை நாற்காலிகளை முழங்கால் தண்ணீருக்குத் தள்ளிப் போட்டார். கொட்டகைப் பக்கம்தான் ஆழம், வீட்டுக்கு நேரே அந்தக் கடல் அரைக் கல் தூரம் போனாலும் முழங்காலைத் தாண்டாது. புதன்கிழமை இன்னும் இருநூறு அடி. ஒவ்வொரு நாளும் எவ்வளவு முன்னால் போகிறோமோ அவ்வளவு சீக்கிரம் அது அவளை எட்டும் என்பதுதான் அவர் கணக்கு, யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சந்தியாகு ஒரு ஸ்டூலைத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அக்கா அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள், பலமில்லாத அடி. தேன்மொழி ஒரு திருக்கைப் பலகையின் இறக்கையைக் கழற்றிவிட்டு, வெறும் பலகையை மிதக்க விட்டு, அதன்மேல் தண்ணீர்க் குடமும் மருந்தும் தலையணையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள், பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார், ஒவ்வொருவராக வந்தார்கள். மறுநாள் மாலை சிப்பிவலசையில் பாதி சனம் நாற்காலிகளோடு கடலுக்குள் உட்கார்ந்து வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவுலினின் நெஞ்சுச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது, கடைசி வரிசைக்கும் கேட்டது.

"வருமா மச்சான்," என்றார் சந்தியாகு மெதுவாக.

"தெரியாது."

அடுத்த திங்கட்கிழமை, வெயில் சாய்கிற நேரம், பவுலின் கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கயித்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. தூரத்தில், தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தில், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு கிடந்தது. காற்று தண்ணீரைத் தொட்டால் அப்படித் தெரியும். மேகத்தின் நிழல் விழுந்தாலும் அப்படித் தெரியும். அவர் அதையே பார்த்தார். அது வருகிறதா, நிற்கிறதா, போகிறதா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன பாக்குறீங்க," என்றாள் பவுலின், கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு எழுந்தார். அவள் முகத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் மறைத்துக்கொண்டிருந்த தன் நாற்காலியைத் தண்ணீருக்குள் இழுத்து, ஓரமாகத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.